சிலாங்கூர் ஆற்றங்கரையில் ஒரு பலகார யாத்திரை

கோலாலம்பூரிலிருந்து பிரேசர் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோலா குபு பாருவைக் கடந்துதான் போகிறார்கள். கடந்து போகிறார்களே தவிர, இறங்குகிறவர்கள் குறைவு. ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா என்று ஒன்றாம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கு நோக்கி அறுபது கிலோமீட்டர் வந்து, மலைப்பாதை தொடங்குமுன் காருக்கு எண்ணெய் ஊற்றவும் குழந்தைகளுக்குக் கழிப்பறை தேடவும் ஒரு கால் மணி நேரம் நின்றுவிட்டு, அவசர அவசரமாக வளைவுகளில் ஏறத் தொடங்கிவிடும் பிரயாணிகள்மீது எனக்கு நெடுநாளாகவே ஓர் அனுதாபம் உண்டு. மேலே குளிர் இருக்கிறது, மூடுபனி இருக்கிறது, வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்கு அஞ்சிக் கட்டிவைத்த கல் பங்களாக்கள் இருக்கின்றன. தின்பதற்கு மாத்திரம் அங்கே விசேஷமாக ஒன்றும் கிடையாது. அதெல்லாம் கீழே, அவர்கள் விட்டுவிட்டுப் போகிற கடைத்தெருவிலும், அங்கிருந்து மேற்கே கடல்வரை நீளும் தோட்டப்புறச் சாலைகளின் ஓரத்திலும் இருக்கிறது.

அந்தக் கீழ்நாட்டுப் பிரயாணத்துக்குச் சிலாங்கூர் ஆற்றைவிட நல்ல வழிகாட்டி இல்லை. பிரேசர் மலைப் பக்கத்துச் சரிவுகளில் பிறந்து, கோலா குபு பாருவுக்கு மேலே அணைக்கட்டில் சற்றுத் தங்கி, பெஸ்தாரி ஜெயாவைத் தொட்டுக்கொண்டு, கம்போங் குவாந்தானில் மின்மினிகளுக்கு இடம் கொடுத்து, கோலா சிலாங்கூரில் மலாக்கா நீரிணையோடு கலக்கும் இந்த ஆற்றின் நீளம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர். இதன் தலைமாட்டில் சீனர்களின் ரொட்டிக்கடை. நடுவில் தமிழர்களின் தோட்டம். கால்மாட்டில் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் வாழும் கம்பங்கள் என்னும் கிராமங்கள், தென்னந்தோப்புகள். மூன்று விதமான அடுப்பங்கரைகள் ஒரே நாள் பிரயாணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இவை மூன்றையும் ஒரே கயிற்றில் கோத்தது ரப்பர் தோட்டத்தின் வேலை நேரமும் சம்பள நாளும்தான் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தோட்டம் போனபின் பலகாரம் என்னவாயிற்று என்று பார்ப்பதுதான் இந்த யாத்திரையின் நோக்கம்.

இந்த வழியில் வருகிறவர் மத்தியானச் சாப்பாட்டை அடியோடு மறந்துவிடுவது உத்தமம். வாழையிலைச் சாப்பாடு எங்கேயும் கிடைக்கும். இங்கே காலை தொடங்கி அந்தி வரை, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வோர் இடத்திலும் நின்று, ஒன்றே ஒன்று வாங்கி, பங்கிட்டுத் தின்று, அடுத்த ஊருக்கு வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு நகரவேண்டும்.

வெள்ளம் இடம்மாற்றிய ஊர்

பழைய கோலா குபு இன்றைய ஊர் இருக்கும் இடத்தில் இருக்கவில்லை. 1883 அக்டோபர் 29 அன்று, ஊருக்கு மேலிருந்த பழைய அணை உடைந்து பாய்ந்த வெள்ளத்தில், ஆங்கில அதிகாரி செசில் ரேங்கிங்கும் ஊர் ஜனங்கள் பலரும் மாண்டுபோயினர். அணைக்குக் காவலாயிருந்த வெள்ளை முதலையை ரேங்கிங் துப்பாக்கியால் சுட்டதன் பலன்தான் அது என்று ஒரு கதை வழங்குகிறது. முதலையின் சாபத்தை நம்பாதவர்களுக்கு, ஊர் இடம் மாறியதற்கு வேறொரு காரணமும் உண்டு: அந்த அழிவுக்குப் பின்னும் ஊர் அங்கேயே நிமிர்ந்து எழுந்தது, ஆனால் மேலே ஈயச் சுரங்கங்களிலிருந்து வந்த மண் ஆற்றுப்படுகையை நிரப்ப நிரப்ப, வெள்ளம் ஓயாத விருந்தாளியாகி, 1920களில் ஊரையே வேறிடத்துக்குப் பெயர்ப்பதைத் தவிர மார்க்கமில்லை என்றாயிற்று. உடைந்த அணையின் ஞாபகம் அம்பாங் பெச்சா என்கிற பக்கத்து ஊரின் பெயரில் இன்னும் நிற்கிறது.

புதிய ஊரை வரைந்தவர் சார்லஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்தவர், தென் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டுக்கு அருகே கர்னல் லைட் கார்டன்ஸ் என்னும் தோட்ட நகரத்துக்குத் திட்டம் போட்டவர், 1921இல் மலாயாவுக்கு அரசாங்க நகரமைப்பு நிபுணராக வந்து சேர்ந்தார். கடைகளை ஒருபுறம் கூட்டி, அலுவலகங்களையும் குடியிருப்புகளையும் அப்பால் நிறுத்தி, நடுநடுவே புல்வெளியைப் பரப்பி அவர் போட்ட கோடுகள் 1930ஐ ஒட்டிக் கோலா குபு பாருவாக எழுந்தன. ஆசியாவிலேயே முதல் தோட்ட நகரம் இதுதான் என்று ஊர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். ஆசியா முழுவதற்கும் அத்தாட்சி தேடுகிற உத்தியோகம் நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது, கடைகள் யாவும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன என்பதும், ஒரு கடையில் தின்றது செரிக்கும்வரை புல்வெளியைச் சுற்றி நடந்துவிட்டு அடுத்த கடைக்கு வரலாம் என்பதும்தான். பலகாரப் பிரியர்களை உத்தேசித்து ரீட் இதைச் செய்திருக்க மாட்டார்; ஆனாலும் நன்றி சொல்லலாம்.

காலையில் அந்தக் கடைத்தெருவில் நடந்தால், ஐந்தடி நடைபாதைக்கு எதிரே வெயில் ஏறுவதற்கு முன்பே, ரொட்டி வேகும் மணம் வந்து எதிர்கொள்ளும். சீனர்கள் நடத்தும் பழைய ரொட்டிக்கடைகளில் காயா வைத்துச் சுட்ட பணியாரங்கள்தான் இவ்வூரின் முதல் விசேஷம். காயா என்பது தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் பாண்டான் இலையின் வாசனையும் சேர்ந்த ஒரு களி. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை இறக்கி, இளஞ்சூட்டில், கை ஓயாமல் நெடுநேரம் கிண்டிக்கொண்டே இருந்தால்தான் முட்டை திரிந்துபோகாமல் வழவழப்பாகக் கூடிவரும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால், சர்க்கரை போட்ட முட்டைப் பொரியலாகிவிடும். அந்தக் களியை மாவுத் தாள்களுக்கு நடுவே பொதிந்து அடுப்பில் வாட்டி எடுக்கும்போது, மேலே பட்டால் உதிரும், உள்ளே பட்டால் சுடும். சூடு ஆறுமுன் தின்ன வேண்டும் என்கிற ஆத்திரம் எல்லோருக்கும் வரும். நாக்கைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க ஒரு கோப்பித் தம்ளர் காலியாகும்வரை பொறுத்திருப்பது நல்லது. பழைய பாணிச் சீனப் பணியாரங்கள் சிலவற்றில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது உண்டு. ஆகாதவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம். கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்தக் காயாவுக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். துரைமார் பங்களாக்களில் சமையற்கட்டை ஆண்டவர்கள் பெரும்பாலும் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள். வெள்ளைக்காரனுக்கு ரொட்டியும் கேக்கும் சுட்டுப் பழகிய அந்தக் கைகளே, பிற்பாடு மலாயாவின் சிறு பட்டணங்களில் எல்லாம் கோப்பிக்கடை திறந்தன. வடக்கே கெர்லிங், கலும்பாங் தாண்டிப் பேராக் எல்லைக்குள் நுழைந்ததும் வருகிற தஞ்சோங் மாலிமில், 1926 முதல் நடந்துவரும் யிக் முன் கடையும் அந்த ஹைனான் பரம்பரையைச் சேர்ந்ததே. அதன் ஆவியில் வெந்த பாவ் ரொட்டிக்காக நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வருகிறவர்களை இன்றும் பார்க்கலாம். பங்களாவில் துரை தின்ற பண்டம் பட்டணத்துக் கடைக்கு வந்தது. சம்பள நாளில் பட்டணம் போன பால்வெட்டுத் தொழிலாளி, தன் தோளில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அதில் ஒன்றை வாங்கிக் கொடுத்தான். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குக் காயா போன வழி இதுதான்.

லயத்துக் கடிகாரம்

'பசியாறிட்டீங்களா?' என்பது மலேசியத் தமிழரின் காலை விசாரிப்பு. சோறு அல்லாத எதையும், தோசையானாலும் ரொட்டியானாலும் இரண்டு வடையானாலும், தின்று தேநீர் குடிப்பதற்கு அவர்கள் பசியாறுதல் என்றே சொல்வார்கள். தோட்டத்தில் இதற்கு நேரம் நிர்ணயித்தவர்கள் துரையும் கணக்குப் பார்க்கும் கிராணியும். பொழுது விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு வந்து பேர் கொடுக்க வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதனால் இருட்டிலேயே வெட்டுக்குப் போக வேண்டும். வெட்டி முடித்து, மரத்தில் கட்டிய மங்குகளில் பால் நிரம்புவதற்காகக் காத்திருக்கும் இடைவேளையில்தான் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறுவார்கள். பாலைச் சேகரித்து, தோளில் சுமந்து கொண்டுபோய் நிறுத்துக் கொடுத்து, லயம் திரும்பிக் குளித்து, சோறு தின்று, சற்றுப் படுத்து எழுந்தால் பிற்பகல் மூன்று மணி; அப்போது மறுபடியும் தேநீரும் ஏதாவது பலகாரமும் வேண்டியிருக்கும். பால்வெட்டு மறைந்து செம்பனை வந்து, பெரட்டு என்றால் என்ன என்றே தெரியாத பேரப்பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பிற்பாடும், கோலா குபு பாரு அடங்கிய உலு சிலாங்கூர் மாவட்டத்தின் வடைக்கடைகளில் கூட்டம் சேர்வது அந்தப் பிற்பகல் வேளையில்தான். மூன்று மணிக்கு முன் போனால் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும். ஐந்து மணிக்குப் பின் போனால் தட்டில் உடைசல்தான் மிச்சம்.

தோட்டத்துக்கு வெளியிலிருந்து பலகாரம் உள்ளே வருவது சம்பள நாளில். துணி வியாபாரி, வட்டிக்காரர், வளையல்காரர் எல்லோரும் வாசலில் கூடும் அந்தச் சந்தையில், கச்சான் பூத்தே விற்பவரும் கட்டாயம் இருப்பார். வறுத்த கடலை, மசால் கடலை, அவித்த கொண்டைக்கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு, காராசேவு என்று அறைஅறையாகப் பிரித்த தட்டிலிருந்து, பழைய பள்ளிக்கூட நோட்டுக் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அள்ளித் தருவார். இத்தொழிலுக்கு மலேசியாவில் ஒரு தலைநகரமே உண்டு: ஈப்போவை அடுத்த புந்தோங்கில் எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் சேர்ந்து உண்டாக்கிய கச்சான் பூத்தே கம்பம். பாரதி பிறந்த மண்ணிலிருந்து புறப்பட்ட கடலை வறுவல், இன்று மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் பேதமில்லாமல் வாங்கிக் கொறிக்கும் பண்டமாகியிருக்கிறது.

சம்பள நாளின் இன்னொரு பலகாரக் கடையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அது கள்ளுக்கடை வாசல். தோட்டந்தோறும் நிர்வாகமே நடத்திய கள்ளுக்கடைகளின் முன்னால், காரம் தூக்கலான வடையும் வறுத்த மீனும் மொச்சைச் சுண்டலும் விற்கும். குடும்பத்துக்குப் போக வேண்டிய காசு இந்த வாசலில் கரைந்தது என்பதனால்தான், 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. பிற்காலத்தில் அந்தக் கடைகள் போயின. அவற்றின் காரமான மசால் வடை மாத்திரம் நல்ல பிள்ளையாகிச் சாலையோர ஒட்டுக்கடைக்கு வந்துவிட்டது. அந்த வேலைநிறுத்தம் நடந்த சில மாதங்களில் ஜப்பானியர் வந்தார்கள். அரிசி அற்றுப்போன அந்த மூன்றரை வருஷங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறும் பலகாரமும் ஆயிற்று. சயாம் ரயில் பாதைக்கு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போன பின் லயத்தில் மிஞ்சியவர்கள், கிழங்கைத் துருவி அடையாகத் தட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். இன்று தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்து, பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பொன்னிறக் கட்டியாக வெட்டி விற்கும் மரவள்ளிப் பணியாரத்தைத் தொடாத கிழவர்கள் சிலர் இருக்கிறார்கள். ருசி பிடிக்காமல் அல்ல.

கொடுத்ததும் விற்பதும்

தோட்டத்துப் பலகாரத்தின் உச்சம் தீபாவளி. பத்து நாட்களுக்கு முன்பே அரிசி ஊறும். உரலில் மாவு இடிக்கும் ஓசை லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பரவும். முறுக்கு, அதிரசம், பாசிப்பயற்று மாவில் நெய்யுருண்டை, ஓமப்பொடி, அச்சு முறுக்கு எல்லாம் பெரிய பிஸ்கோத்துத் தகர டின்களில் காகிதம் விரித்து அடுக்கப்படும். இந்த நாட்டின் ஈரக்காற்றில் ஒரு ராத்திரி திறந்து வைத்தால் முறுக்கு நமத்துப்போகும். ஆகவே மூடி இறுக்கமான டின்னுக்கு, பெட்டியிலிருக்கும் நகைக்குச் சமமான மரியாதை உண்டு. ஒரு வீட்டில் பிழிய, இன்னொரு வீட்டில் சுட, மூன்றாம் வீட்டில் உருட்ட என்று பெண்கள் கைமாற்றாக உழைத்தார்கள். கூலி என்ற பேச்சே கிடையாது. பண்டிகையன்று தட்டு தட்டாகச் சீனர் கடைக்கும், மலாய்க்கார அண்டை வீட்டுக்கும், கிராணி வீட்டுக்கும் போகும். பதிலுக்கு நோன்புப் பெருநாளில் டொடோலும், சீனப் புத்தாண்டில் ஆரஞ்சுப் பழமும் வந்து சேரும். அந்த டொடோலைக் கீழக்கரையிலும் இலங்கையிலும் தொதல் என்று கிண்டுகிறார்கள். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் கடல் தாண்டுவதற்குப் பாஸ்போர்ட் கேட்டதில்லை.

கோலா குபு பாருவுக்கு அருகே ஒரு குடியிருப்பில், வீட்டுப் பின்கட்டில் அடுப்பு மூட்டி அச்சு முறுக்குச் சுடும் ஓர் அம்மையாரைப் பக்கத்திலிருந்து கவனிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, முட்டையும் சர்க்கரையும் துளி உப்பும் சேர்த்து வைத்திருந்தார். நீண்ட கம்பியின் முனையில் பூவைப்போல் வார்த்த பித்தளை அச்சு முதலில் காய்ந்த எண்ணெயில் கிடந்து சூடேறவேண்டும். சூடு போதாவிட்டால் மாவு பிடிக்காது. மிஞ்சிவிட்டால் பிடித்த மாவு கரைசலிலேயே நழுவிவிடும். சரியான பதத்தில் எடுத்து, மாவில் முக்கால் அளவுக்கு மாத்திரம் அமிழ்த்தி, மேல் விளிம்பை மாவு மூடாதபடி தூக்கி, எண்ணெயில் இறக்கி, இரண்டு நொடி பொறுத்து ஓர் உதறு உதறினார். பூ கழன்று மிதந்தது. விளிம்பு மூடினால் கழலாது. அந்தப் பொன்னிற வளையங்களின் ரகசியமெல்லாம் அந்த ஒரு விரற்கடை இடைவெளியில் இருக்கிறது. மலாய்க்காரரும் யூரேசியரும் சீனரும் இதே பண்டத்தைத் தத்தமது பண்டிகைக்குச் செய்கிறார்கள். யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்ற வழக்கு தீராது, தீரவேண்டிய அவசியமும் இல்லை.

"எத்தனை வருஷமாக விற்கிறீர்கள், அக்கா?" என்று கேட்டேன்.

"தோட்டத்துல இருந்தப்ப வித்ததே இல்லண்ணே. எல்லாம் கொடுத்ததுதான். காசுக்குச் சுட ஆரம்பிச்சது வெளிய வந்த பொறவுதான்" என்றார், கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்தப் பிராந்தியத்துப் பலகாரத்தின் சரித்திரம் அந்த மூன்று வாக்கியங்களுக்குள் அடங்கியிருக்கிறது. ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு ஆட்கள் குறைவாகப் போதும். அந்தக் குறைந்த ஆட்களையும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வரவழைத்தார்கள். பின்பு தோட்டங்களே கைமாறின. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்னும் ஐந்து உலு சிலாங்கூர்த் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் போராடியதை மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளின் வாசகர்கள் நன்கறிவர். 2024 மே மாதம் கோலா குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தல் வந்தபோதும் அந்த வீட்டுப் பிரச்சினை மேடைகளில் பிரஸ்தாபமாயிற்று. லயத்தை விட்டு வந்த ஆண்களுக்குத் தொழிற்சாலை, லாரி, காவல் வேலை என்று ஏதோ கிடைத்தது. நடுத்தர வயதுப் பெண்களுக்கோ, கைவசமிருந்தவை பால் வெட்டும் திறமையும் பலகாரம் சுடும் திறமையும்தான். வெட்ட மரமில்லை, ஆகவே சுட்டார்கள். அன்பளிப்பாக இருந்தது ஜீவனோபாயமாயிற்று. இதைச் சிலர் பண்பாட்டின் வீழ்ச்சி என்று வருத்தப்பட்டு எழுதுகிறார்கள். நான் அந்தக் கட்சி அல்ல. கொடுப்பது அழகுதான், ஆனால் தன் கைவேலைக்கு ஒரு விலை உண்டென்று அறுபது வயதில் ஒரு பெண் அறிந்துகொள்வதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

வருந்தவேண்டிய விஷயம் வேறு. பேரங்காடியில் ஆலைப் பொட்டலமாக அடுக்கியிருக்கும் முறுக்கின் விலையை அடித்தளமாக வைத்து, இவர்களிடம் பேரம் பேசுகிறோம். ஆலை முறுக்கில் உளுந்தின் பங்கு எவ்வளவு, எண்ணெய் எத்தனையாவது கொதி என்று நாம் கேட்பதில்லை. நல்ல முறுக்கை ஒடித்தால் 'மடக்'கென்று உடைந்து, வாயில் போட்டதும் மாவாகக் கரையவேண்டும். பல்லோடு மல்லுக்கு நிற்பது உளுந்தைக் குறைத்ததற்கு அடையாளம்.

கடலை நோக்கி

கோலா குபு பாருவை விட்டு மேற்கே இறங்கினால், இருபுறமும் செம்பனை. பார்த்துக்கொண்டே போவதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் சூட்டப்பட்டும் தமிழர் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கிற ஊரைத் தாண்டி, ஈஜோக், புக்கிட் ரோத்தான் என்று போகும்போது, சாலையோர ஒட்டுக்கடைகள் கண்ணில் படத் தொடங்கும். கடலைப்பருப்பைக் கொரகொரப்பாக அரைத்து, சோம்பும் வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்த மசால் வடையை, முழுப் பச்சைமிளகாய் ஒன்றோடு காகிதத்தில் வைத்துத் தருவது இந்த நாட்டுச் சம்பிரதாயம். வடையில் ஒரு கடி, மிளகாயில் ஒரு கடி, சட்னி தேவைப்படுவதில்லை. கடலை நெருங்க நெருங்க வடையின் தலையில் ஓடு நீக்காத சின்ன இறால் ஒன்று வந்து உட்கார்ந்துகொள்ளும். தமிழ்நாட்டு நண்பர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது வடைக்குக் கை தானாக நீளும்.

கடற்கரைப் பகுதி தென்னை நாடு. ஆகவே இங்கே இனிப்புக்கெல்லாம் தேங்காய்ப்பாலும், தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சி மூங்கில் குழலில் வார்த்தெடுக்கும் குலா மலாக்காவுமே ஆதாரம். அவற்றின் பெருமையை அறிய ஒரு கிண்ணம் செண்டோல் போதும். பாண்டான் சாறு கலந்த அரிசிமாவுக் கூழை, சூடாக இருக்கும்போதே துளைத் தட்டில் அழுத்தினால், பச்சைப் புழுக்கள் போல் நெளிந்து குளிர்ந்த நீரில் விழும். அதன்மேல் செதுக்கிய பனிக்கட்டி, சிவப்பு அவரை, பிழிந்த தேங்காய்ப்பால், கடைசியாகக் கரும்பழுப்புப் பாகு. பாலில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டவன்தான் தொழில் தெரிந்தவன். உப்பில்லாத செண்டோல் வெறும் சர்க்கரைத் தண்ணீர். எல்லாவற்றையும் கலக்கிவிடாமல், மேலிருந்து கீழாகக் கரண்டியால் வெட்டிக்கொண்டு போனால், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ருசி. மலேசியாவின் பல ஊர்களில் தெருவோரச் செண்டோல் வண்டியின் பின்னால் நிற்பவர் தமிழராகவோ தமிழ் முஸ்லிமாகவோ இருப்பார் என்பதைக் கவனித்தவர்களுக்கு, இது யாருடைய பண்டம் என்ற கேள்வி எழாது.

இடியாப்பத்தைப் புட்டுமாயம் என்று கூவி மோட்டார் சைக்கிளில் விற்பவர்களும் இவ்வழியில் உண்டு. குழம்போ பாயாவோ எதிர்பார்க்கக் கூடாது. துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும்தான். ஜாவாக்காரர் வீடுகளில் செய்யும் ரெம்பெயெக் என்னும் மெல்லிய அரிசிமாவு வறுவல், நிலக்கடலையும் நெத்திலியும் பதிந்து, நம் தட்டையைவிட ஒரு படி மொறுமொறுப்பாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். நம்மவர்கள் அதை அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

இத்தனை இனிப்பையும் புகழ்ந்தபின் ஓர் எச்சரிக்கையும் கடமையாகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியருக்கு. ஒன்றை வாங்கிப் பங்கிடுவது என்று தொடக்கத்தில் சொன்னது சிக்கனத்துக்காக மட்டுமல்ல.

கோலா சிலாங்கூரில் 1784இல் டச்சுக்காரர் பிடித்த கோட்டை இருந்த மெலாவத்தி குன்றுக்குப் பலகாரப் பையோடு ஏறாதீர்கள். வெள்ளிமுடிக் குரங்குகள் சாதுவானவை, இலையும் பயற்றங்காயும் போதும். அவற்றோடு திரியும் நீண்டவால் குரங்குகளுக்கு உங்கள் முறுக்கில் பூரண உரிமை இருப்பதாக எண்ணம். இருட்டியபின் கம்போங் குவாந்தானில் படகேறி, பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாக மின்னுவதைப் பார்க்கலாம். அதைப் பற்றி எழுத வேறு பேனாக்கள் இருக்கின்றன.

போக விரும்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ரொட்டிக்கடைக்குக் காலையிலும், வடைக்கடைக்குப் பிற்பகல் மூன்று மணிக்கு மேலும் செல்லுங்கள். ஒட்டுக்கடைகளில் பெரிய நோட்டை நீட்டாமல் சில்லறை வெள்ளி கொண்டுபோங்கள். வீட்டில் பலகாரம் சுடும் பெண்களின் விலாசம் எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. வடைக்கடையிலோ கோயில் வாசலிலோ விசாரித்தால் சொல்வார்கள். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வேண்டுமானால், கடைசி வாரத்தில் போய் நிற்காமல், ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவைத்து, பாதித் தொகையையாவது முன்பணமாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். அரிசியும் உளுந்தும் எண்ணெயும் மொத்தமாக வாங்க அவர்களுக்கு முதல் கிடைப்பதில்லை. அந்த முன்பணம் இல்லாமல்தான் பலர் பாதி ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறார்கள்.